மாஸ்டர் வாங்கிக்கொண்ட திட்டு

கண்ணாடிக் கடையில் ஃபிரேம் மாட்டுகிற வேலை அவளுக்கு. அரிசி அளவுகூட இல்லாத திருகாணியை எடுத்து, காதில் மாட்டும் கம்பியோடு முடுக்க வேண்டும். பதினோரு வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை, ஆறு மாதமாக அவளிடம் முரண்டு பிடித்தது. திருகாணி கை நழுவிக் கீழே உருளும். தேட மேசைக்கடியில் குனிபவள், அங்கேயே தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்துவிட்டு எழுவாள். பாட்டிலில் தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் கணவர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எதிரில் லாரியே வந்தாலும் அவர் குரல் உயராது. கால் மட்டும் தன் பக்கத்து பிரேக்கை மிதிக்கும். 'பிரேக் மாஸ்டர்' என்றுதான் மாணவர்கள் சொல்வார்கள். காபிகூடக் குடிக்காத மனுஷன்.

ஒரு நாள் யாரோ ஒருவரின் புதுக் கண்ணாடியைக் கையிலேயே இரண்டாக உடைத்துவிட்டு வந்து அவளே கேட்டாள்.

"குடியை விடறவங்க கூட்டம்னு ஏதோ நடக்குதாமே. எங்கன்னு விசாரிக்கிறீங்களா?"

அவர் எப்போதோ விசாரித்து வைத்திருந்தார். நூலக மாடியில், செவ்வாய்தோறும் மாலை ஐந்தரைக்கு.

"நானும் கூட வரட்டுமா?"

"ஐயோ வேணாம். யாராவது பாத்துட்டா?"

"சரி, கீழ வண்டியிலயே இருக்கேன்."

நூலகத்தில் புத்தகத்துக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தவரிடம் அவள் காதோடு காதாகக் கேட்டாள். "சார், மாடியில... ஏதோ கூட்டம்னு..."

"குடியை விடற கூட்டமா?" என்றார் அவர். நாலு அலமாரி தள்ளி ஒருவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "உங்களை மாதிரி குடும்பப் பொம்பளைங்க எல்லாம் இடது பக்கம் ரூம்மா. பாவம், இந்தக் குடிகாரங்களக் கட்டிக்கிட்டு எத்தனை பேருதான் அழறீங்க!"

அப்படியானால் வலது பக்கம் யாருக்கு என்று கேட்க வாய் வரவில்லை. இடது பக்கமே போனாள்.

உள்ளே ஏழெட்டுப் பெண்கள். பேக்கரி நடத்தும் ஒரு பெரிய உடம்புக்காரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது, இது குடிப்பவர்களின் வீட்டார் கூடும் அறை. எழுந்துபோக நினைப்பதற்குள் கேள்வி வந்துவிட்டது.

"உன் வீட்டுக்காரரு எவ்வளவு நாளாம்மா குடிக்கிறாரு?"

"மூணு வருஷமா," என்று சொல்லிவிட்டாள்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் மூன்று வருடம் பூட்டிக் கிடந்த வாய். "தண்ணி பாட்டில்ல ஊத்தி வேலைக்கே எடுத்துட்டுப் போறே... போறாரு. வீட்டுல வாஷிங் மெஷினுக்குள்ள ஒளிச்சு வைப்பாரு. ஒரு நாள் மறந்துபோய் மெஷினைப் போட்டுட்டாரு. துணியெல்லாம் ஒரு வாரம் மணந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பொண்ணு ஸ்கூல்ல பேச்சுப் போட்டி. வரேன்னு சொல்லிட்டுத் தூங்கிட்டாரு. அவ ஒண்ணுமே கேக்கலை. அதுக்கப்புறம் எதுக்கும் கூப்பிடறதில்லை, அவ்வளவுதான்."

பேக்கரிக்காரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மனுஷனா அவன்!" என்றாள் பக்கத்திலிருந்த நர்ஸ்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. கீழே விசாரித்துக்கொண்டு வந்த பிரேக் மாஸ்டர் நின்றார். "ஃபோனை வண்டியிலயே விட்டுட்டு வந்துட்டியேம்மா."

"இவருதான் உன் வீட்டுக்காரரா?"

அவள் தலையாட்டினாள். அதில் பொய்யில்லையே.

பேக்கரிக்காரம்மா எழுந்துவிட்டார். "ஏன் சார், பாட்டிலை ஒளிக்க வாஷிங் மெஷின்தான் கெடைச்சுதா? பெத்த பொண்ணு பேசறதைக் கேக்கக்கூட வராம அப்படி என்ன சார் தூக்கம்? வெக்கமா இல்ல?"

மாஸ்டரின் வலது கால் தரையை ஒருமுறை அழுத்தியது. மனைவியைப் பார்த்தார். வாஷிங் மெஷின் என்றதுமே அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது.

"தப்புதாங்க," என்றார். "இனிமே ஒழுங்கா இருக்கேன்."

"மூஞ்சியைப் பாரு, பச்சப்புள்ள மாதிரி!" என்றாள் நர்ஸ். அதற்கும் தலையைக் குனிந்துகொண்டார்.

அவளால் அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "அக்கா, அவரைத் திட்டாதீங்க. அவரு காபிகூடக் குடிக்க மாட்டாரு. அது அத்தனையும் நான்தான்."

பேக்கரிக்காரம்மா இடுப்பில் கைவைத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடிப்பாவி! மொதல்லயே சொல்றதுக்கென்ன? ஒரு பாவமும் அறியாத மனுஷனை இந்தக் கிழி கிழிக்க வெச்சிட்டியே!"

சொல்லிக்கொண்டே அவள் கையைப் பிடித்தார். பிறகு இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டார். "வா, உன் ரூமு எதிர்ல இருக்கு."

"அங்க பொம்பளைங்க இருக்காங்களாக்கா?"

"ரெண்டு பேரு இருக்காங்க. உன்னோட மூணு."

மாஸ்டரும் பின்னாலேயே கிளம்பினார்.

"நீங்க எங்க சார் போறீங்க? உக்காருங்க. உங்க ரூமு இதுதான்."

எதிர் அறையில் அவள் முறை வந்தபோது, ஏற்கெனவே ஒருதரம் சொல்லிப் பழகிய வாய், அதிகம் திக்கவில்லை. இந்தத் தடவை 'அவரு' என்று ஒரு இடத்திலும் வரவில்லை.

அதன் பிறகு எல்லாம் நேராகப் போயிற்று என்று சொல்ல முடியாது. இரண்டாம் மாதம் ஒருமுறை சறுக்கினாள். அடுத்த செவ்வாய் போய் அதையும் சொன்னாள். இப்போது இருவரும் சேர்ந்தே படியேறி, மேலே போய் ஆளுக்கொரு பக்கம் பிரிகிறார்கள். யார் கூட்டம் முதலில் முடிகிறதோ, அவர் வெளி பெஞ்சில் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் காத்திருப்பது அவள்தான். மாஸ்டருக்குச் சொல்ல அவ்வளவு இருக்கிறது.