மாதிரிக் கையெழுத்து

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஆறப்போட்டு எழுது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆறும்வரை காத்திருக்க நாளில்லை. இன்று வியாழன். நாளை காலை வங்கி திறந்ததும் இப்படியோ அப்படியோ முடிந்துவிடும்.

நடந்தது எனக்குத்தான். ஆனாலும் 'அவள்' என்றே எழுதப்போகிறேன். 'நான்' என்று ஆரம்பித்தால் மனுவாகிவிடுகிறது. வங்கிக்கு மட்டும் பதினோரு மனு எழுதியிருக்கிறேன். எல்லாம் 'நான்' என்றுதான் ஆரம்பித்தன. ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'அவர்கள் ஒருவரையொருவர் மிகவும் நேசித்தார்கள், ஆனால்' (வேண்டாம். அந்த 'ஆனால்' வந்ததுமே நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.)

'அன்று மழை' (பெய்யவில்லை. நல்ல வெயில். மண்டை பிளந்தது.)

"மேடம், இது அவரோட கையெழுத்தே இல்லையே."

இதுதான். கதை இங்கேதான் தொடங்குகிறது.

2

சொன்னவர் வங்கியின் வீட்டுக்கடன் பிரிவு அதிகாரி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இரண்டு காகிதங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் அவள். பல்செட் செய்யும் கூடத்திலிருந்து பாதி வேலையில் ஓடிவந்தவள். நகக்கண்ணில் பிளாஸ்டர் மாவு.*

விஷயம் எளிமையானது. அவளும் அவள் கணவனும் சேர்ந்து கடன் வாங்கி வீடு வாங்கினார்கள். ஏழு வருடம் கழித்துப் பிரிந்தார்கள். பிரிந்து நான்கு வருடம் ஆகிறது. கோர்ட்டில் முடிந்து இரண்டு வருடம். கல்யாணத்தை நீதிபதி கால்மணி நேரத்தில் பிரித்துவிட்டார். கடனைப் பிரிக்க அவருக்கு அதிகாரம் இல்லையாம். ஆக, இருவரும் கணவன் மனைவி இல்லை, கூட்டுக் கடனாளிகள். அந்த உறவுக்கு விவாகரத்து கிடையாது.

வீடு அவளுக்கு, மிச்சக் கடனும் அவளுக்கு, அவன் தன் பாதியை விட்டுக்கொடுத்து விலகுவான் என்று பேசியாயிற்று. அதற்கு அவன் ஒரே ஒரு விடுவிப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்பது மாதம் இழுத்தடித்தான். கேட்டால் "அடுத்த வாரம்". அவன் வேலை செய்த இடத்தில் அவனுக்கு நிதானம் என்றுதான் பெயர். கடைசியில் தபாலில் அனுப்பினான், ஒரு வரி கடிதம்கூட இல்லாமல். அதை வங்கியில் கொடுத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

"எங்க ஃபைல்ல இருக்கற மாதிரிக் கையெழுத்தப் பாருங்க. கடைசி எழுத்து எப்படி நிமிர்ந்து நிக்குது. இதுல பாருங்க, தொங்குது. யாரோ போட்டிருக்காங்க மேடம்."

"அவரேதான் போட்டாரு."

"நான் உங்கள சொல்லல." (அவளைத்தான் சொன்னார்.) "புதுப் படிவம் தர்றேன். ஃபைல்ல உள்ளபடி போட்டு வாங்கிட்டு வாங்க. அதே தேதியே போட்டுக்கலாம். அவர் நேர்ல வரணும்னுகூட இல்ல."

தள்ளுபடியான படிவத்தையும் புதுப் படிவத்தையும் கையில் கொடுத்தார். அவள் கண்ணாடித் தடுப்புக்கு மேலாக எட்டி அந்த மாதிரிக் கையெழுத்து அட்டையைப் பார்த்தாள். பார்த்ததும் அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

*பல்செட் நிஜமா, பின்னால் வரும் லிஃப்ட் நிஜமா என்று துருவ வேண்டாம். வங்கிக்காரர்களும் கதை படிப்பார்கள்.

3

ஏன் சிரித்தாள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மர்மக்கதை எழுதும் பொறுமை எனக்கு இல்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாள், வலது ஆள்காட்டி விரல் கதவுச் சட்டத்தில் மாட்டி நசுங்கிவிட்டது. கட்டு எலுமிச்சை அளவுக்கு இருந்தது. மறுநாள் பத்திரப் பதிவு. தள்ளிப்போட்டால் வீடு கைமாறிவிடும். அப்போதிருந்த அதிகாரி ஒரு கத்தைக் காகிதத்தை முன்னால் வைத்து, பென்சிலில் பெருக்கல் குறி இருக்கும் இடத்திலெல்லாம் இருவரும் போடுங்கள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். இரண்டாவது பக்கத்திலேயே அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

"முடியல பல்லு. உயிர் போகுது." (அவளுக்கு அவன் வைத்த பெயர் பல்லு.)

"இடது கையில போடு."

"இடது கையில போட்டா கோழி கிளறின மாதிரி இருக்கும். நீயே போட்டுடேன். ஊர்ல உள்ளவன் பல்லையெல்லாம் அச்சு அசலா செய்யற, என் கையெழுத்து வராதா உனக்கு?"

"மாட்டிக்கிட்டா?"

"சேர்ந்து உள்ள போவோம். ஒரே ரூமா கேட்டு வாங்கிக்கலாம். வாடகையும் இல்ல."

அவனுடைய ஓட்டுநர் உரிமத்தை எதிரில் வைத்துக்கொண்டு, நாற்பது இடங்களில் அவன் பெயரை எழுதினாள். கடைசியாக ஒரு சின்ன அட்டை. மாதிரிக் கையெழுத்து என்று அச்சிட்டிருந்தது. அதிலும் அவளே போட்டாள். அவன் கையெழுத்தின் கடைசி எழுத்து சோம்பேறித்தனமாகத் தொங்கும். பல்வரிசையில் கோணல் பல்லைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. அதைக் கொஞ்சம் நிமிர்த்திவிட்டாள்.

(இதுதான் அவர்கள் திருமணத்தின் முழு வரலாறு என்று ஒரு வரி எழுதினால் அழகாக இருக்கும். எழுத மாட்டேன். அழகுக்காக நான் உட்காரவில்லை.)

ஆக, வங்கியைப் பொறுத்தவரை அவள் போட்டதுதான் அவன் கையெழுத்து. அவன் போட்டது போலி.

4

வங்கிப் படிக்கட்டில் நின்றே போன் போட்டாள். மணியடித்தது. எடுத்தார்கள். ஹலோ என்று சொல்லக்கூட விடவில்லை.

"நிதானம், கேட்டியா கூத்த? உன் கையெழுத்து உன்னுது இல்லியாம்! ஒம்போது மாசம் அடுத்த வாரம் அடுத்த வாரம்னு சொல்லி ஒண்ணு போட்டியே, அது செல்லாதாம். ஒழுங்கா நாளைக்கு இங்க வந்து நில்லு. வரலேன்னா நான் அங்க வந்து, அத்தன பேர் முன்னாடி உன் மானத்த வாங்குவேன். என்ன, சத்தத்தையே காணோம்? செத்தியா, இருக்கியா? வாயத் தொறந்து பேசு!"

மறுமுனையில் யாரோ செருமினார்கள்.

"நான் அவன் அண்ணன் பேசறேன்மா. திங்கக்கெழம காலையில அவன் எறந்துட்டான்."

வருடக்கணக்காக உடம்பு சரியில்லையாம். நான்கு முறை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்திருக்கிறான். அந்த ஒன்பது மாதமும் அதுதான்.

"எனக்கு ஏன் யாருமே சொல்லல?"

"உனக்கு எதுக்கும்மா சொல்லணும்? கோர்ட்டே பிரிச்சு விட்டாச்சே."

(மேலே 'இழுத்தடித்தான்' என்று எழுதியிருக்கிறேன். அழிக்கலாமா என்று பார்த்தேன். அழிக்கவில்லை. அன்று நான் அப்படித்தான் நினைத்தேன். நினைத்தாள். சரி, நினைத்தேன். இன்றும் அவன்மேல் ஆத்திரம் குறையவில்லை. "உடம்பு முடியல பல்லு" என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? அவள் வந்து பார்த்திருப்பாள். வந்து பார்த்துவிடுவாள் என்றுதான் சொல்லவில்லையா? எதுவாக இருந்தாலும் மன்னிக்க முடியாது.)

வேலைக்குத் திரும்பினாள். மெழுகை உருக்கினாள். இரண்டு பேர் துக்கம் கேட்க வந்து, கேட்கலாமா கூடாதா என்று தெரியாமல், "சாப்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். செத்துப்போன முன்னாள் கணவனுக்காக அழுகிறவளுக்கு என்ன பெயர்? பெயரில்லாததால் விடுப்பும் இல்லை.

5

போன ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அண்ணன் அவள் வீட்டுக்கு வந்தார். இவரை 'மாமா' என்று கூப்பிட்டுப் பழக்கம். இனி எப்படிக் கூப்பிட வேண்டும் என்று தீர்ப்பில் எழுதவில்லை.

"வாங்க மாமா."

உட்காரவில்லை. சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார்.

"செவுரு கெட்டியாத்தான் இருக்கு. இங்க பாரும்மா, பெத்தவங்களும் இல்ல, புள்ளையும் இல்ல. அவன் பாதிக்கு வாரிசு நான் ஒருத்தன்தான். வித்துட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்குவோம். நான் ஒண்ணும் அநியாயம் பேசல."

"நாலு வருஷமா தவணை முழுக்க நான்தான் கட்டறேன்."

"யாரு கட்டச் சொன்னா?"

"வீட்ட எனக்கே விட்டுக்குடுத்து அவர் கையெழுத்துப் போட்டாரு."

"பேங்க்ல ஏத்துக்கிட்டாங்களா?"

அவள் மேசைமேல் கிடந்த படிவத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்புறம் என்ன? வர்ற வெள்ளிக்கிழம இறப்புச் சான்றிதழ பேங்க்ல குடுத்துடறேன். அதுக்கப்பறம் எல்லாம் சட்டப்படி நடக்கட்டும்."

நான் இவரை வில்லனாகவே எழுத நினைத்தேன். ஆனால் படியிறங்கும்போது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "சின்ன வயசுலேர்ந்து அவன நான்தான்மா தூக்கிட்டு அலைஞ்சேன்" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழம, மறந்துடாத" என்றார்.

அந்த அழுகை என் கதைக்கு இடைஞ்சல். என்ன செய்வது, அழுதார்.

6

மேசைமேல் இரண்டு காகிதம். ஒன்று அவன் போட்டது, செல்லாது. இன்னொன்று வெற்றுப் படிவம். அவன் இறந்தது வங்கிக்கு இன்னும் தெரியாது.

முடிவு அ: அவள் போடுகிறாள். இரண்டு விநாடி வேலை. வீடு அவளுக்கு. அவன் விரும்பியதும் அதுதான், அதை எழுதியும் கொடுத்தான். வங்கி நாற்பது முறை நம்பியதை நாற்பத்தோராவது முறையும் நம்பும். செத்தவன் பெயரில் கையெழுத்துப் போட்டவள் என்று அவள் ஆவாள். படியில் அழுத மனுஷனும் ஏமாந்தவர் ஆவார்.

முடிவு ஆ: அந்த மாதிரிக் கையெழுத்து அட்டையே நான் போட்டது என்று அதிகாரியிடம் உண்மையைச் சொல்கிறாள். அப்போது கடனே மோசடி. வீடும் போகும், வேலையும் போகும்.

முடிவு இ: விற்று ஆளுக்குப் பாதி. அவள் வாடகை வீடு தேடி, நாலாவது மாடி, லிஃப்ட் இல்லாத (போதும்.)

முடிவு ஈ: கதவு தட்டும் சத்தம். திறந்தால், விரலில் கட்டோடு அவன் நின்று, "அடுத்த வாரம்னு சொன்னேன்ல"

இல்லை. இதை எழுதவே கூடாது.

ஒரு பழைய உறையின் பின்புறம் போட்டுப் பார்த்தாள். கை மறக்கவில்லை. கடைசி எழுத்து தானாக நிமிர்ந்தது. பிறகு, அவன் நிஜமாகப் போட்டதைப் பார்த்து, அந்தத் தொங்கலோடு ஒருமுறை எழுத முயன்றாள். வரவில்லை. உறை நிரம்பும்வரை முயன்றாள். ஊரார் பல்லையெல்லாம் செய்கிற கைக்கு, அந்த ஒரு தொங்கல் வரவில்லை. உறையைக் கிழித்துப் போட்டாள். அழுதாளா என்று கேட்காதீர்கள். சுவரில் ஒரு டம்ளரை விட்டெறிந்தாள். அண்ணன் சொன்னது சரிதான், சுவர் கெட்டி.

7

முடிவு எழுத மாட்டேன். எழுதினால் அது வாக்குமூலம். எழுதாமல் விட்டால் மட்டும் கதை.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. வெற்றுப் படிவத்தை இப்போதுதான் அடிவரை படித்தேன். அவன் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கட்டம் இருக்கிறது: 'மேற்கண்டவர் என் முன்னிலையில் கையெழுத்திட்டார் என உறுதி கூறுகிறேன். சாட்சி.'

சாட்சி இல்லாமல் படிவம் செல்லாது. அவளுக்கு அப்படி யாரும் இல்லை. ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் வங்கி. சாப்டியா என்று கேட்டவர்களை இதற்குக் கூப்பிட முடியாது.

அவன் விரலில் கட்டைப் பார்த்தது நீங்கள். அவள் நாற்பது முறை எழுதியதைப் பார்த்தது நீங்கள். அவன் கடைசியாகப் போட்டதைத் தொங்குகிறது என்று தள்ளியபோதும் பக்கத்தில்தான் இருந்தீர்கள். அனுதாபம் வேண்டாம், அது நிறைய வந்துவிட்டது. வங்கி பத்து மணிக்குத் திறக்கும். அவள் பேனாவை மேசைமேல் உங்கள் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறாள்.

நீங்கள் முதலில் போடுங்கள். அவள் என்ன செய்வாள் என்பதைப் பிறகு பார்க்கலாம்.