பிரசிடெண்ட் கண்டுபிடித்த வாயு

கேரள எல்லையில் பெருமாட்டி என்ற ஊர்ப் பக்கத்துப் பால் சங்கம் ஒன்றுக்குப் பதினெட்டு வருடமாகப் பிரசிடெண்ட்டாக இருக்கும் செங்கோட்டையனுக்கு, எந்த நோயையும் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடும் ஆற்றல் உண்டு. இதைச் சொன்னவர் அவரேதான். மாடுகள் இதுவரை மறுத்ததில்லை.

அந்த ஆற்றலைக் கொண்டுதான், ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகள் அனுப்பிரியா காலையில் குளித்துவிட்டு வந்து மூச்சு வாங்கியபோது, "வாயு" என்று தீர்ப்புச் சொன்னார். மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்துகிறது என்றாள் அவள்.

"அதேதான் கண்ணு, மேல ஏறி நிக்குது. ஓமத்தண்ணி குடி."

குடித்தாள். அரைமணி கழித்து ஒரு வாக்கியத்தை முடிக்க அவளுக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது. மனைவி மருதாத்தாள் கார் சாவியை அவர் கையில் திணித்தாள்.

மகன் கோபிநாத் பெங்களூரிலிருந்து வந்துசேரச் சாயங்காலம் ஆகும். ஆகவே பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் பேசும் பொறுப்பைப் பிரசிடெண்ட்டே ஏற்றுக்கொண்டார். வந்த டாக்டர் ஜிஸ்மியைப் பார்த்ததும் அவருக்கு ஏமாற்றம். காலேஜ் பிள்ளை போலிருந்தாள்.

"பெரிய டாக்டர் இல்லீங்களா?"

"இன்னைக்கு நான்தான் பெரிய டாக்டர். அச்சன் கொஞ்சம் மாறி நில்லுங்க" என்று, அப்பா வயதுக்காரரை மலையாளத் தமிழில் ஒதுங்கி நிற்கச் சொன்னாள்.

நாடித்துடிப்பு நூற்று இருபத்துநாலு. ஆக்சிஜன் குறைவு. ஜிஸ்மி முகத்தில் சிரிப்பு போயிற்று.

"நுரையீரல்ல ரத்தக்கட்டி இருக்குமோன்னு சந்தேகம். கர்ப்ப காலத்துல ரத்தம் சீக்கிரம் உறையும். ரொம்ப நேரம் படுத்தே இருந்தீங்களா?"

பதிலைப் பிரசிடெண்ட் முந்திக்கொண்டார். "எங்கூட்டு மருமக ரெண்டு மாசமா கட்டிலை உட்டு எறங்குனதில்லீங்க. குளிக்கறதுக்குத்தான் எந்திரிக்கும். தண்ணியே கைக்கு வந்துரும்."

பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்தார். டாக்டர் அதை ஒரு குற்றம்போலக் குறித்துக்கொண்டாள்.

முதலில் கால் ரத்தக்குழாய்களை ஸ்கேன் செய்தார்கள். கட்டி இல்லை. செங்கோட்டையன் உடனே சங்கத்துச் செயலாளர் மோகனசுந்தரத்துக்கு போன் போட்டார். "காலு கிளீன்! நாஞ் சொன்னனா இல்லியா?" அவர் பேசிக்கொண்டிருந்தபோதே மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துவிட்டார்கள், அதனால் எதிர்க்க வாய்ப்பில்லாமல் போயிற்று. அதிலும் ஒன்றுமில்லை. இரண்டாவது வெற்றியையும் அறிவித்துவிட்டு, மருமகளைக் கூட்டிப்போகத் தயாரானார்.

"வேற காரணம் எதுவும் கிடைக்கல. அதுதான் எனக்குப் பயம்" என்றாள் ஜிஸ்மி. "நெஞ்சுக்கு சி.டி. எடுக்கணும். அதுக்கு முன்னாடியே ரத்தம் உறையாம இருக்க ஊசி போட்டுடறேன்."

பிரசிடெண்ட் கொதித்தார். "நோவு என்னன்னே தெரியல, அதுக்குள்ள மருந்துங்களா? வவுத்துப் புள்ளைமேல கதிர் அடிக்கறதுங்களா? ரத்த டெஸ்டுலயே தெரிஞ்சிருமாம், மோகனசுந்தரம் சொல்றான்!"

"அந்த டெஸ்ட் கர்ப்பிணிக்கு எப்படியும் கூடுதலாத்தான் காட்டும், அதை வெச்சு முடிவு பண்ண முடியாது. சி.டி.ல குழந்தைக்குப் போற கதிர் ரொம்பக் கொஞ்சம். ஊசி குழந்தைகிட்டப் போகவே போகாது. அம்மாவுக்கு மூச்சு நின்னா குழந்தைக்கு யார் மூச்சு குடுப்பா?"

அவர் வாயைத் திறக்குமுன் மருதாத்தாள் புகுந்தாள்.

"ஏனுங்க, ஐப்பசில நம்ம செவலை கன்னு போட்டுட்டு எந்திரிக்காம கெடந்துதே. ரத்தத்தை டெஸ்டுக்கு அனுப்பிட்டு உக்காந்திருந்தீங்களா? மொதல்ல கால்சியம் பாட்டிலை ஏத்துங்க, அப்பறம் பேசலாம்னு மாட்டு டாக்டரையே அதட்டுனீங்கல்ல?"

"அது மாடு, மருதா…"

"பதினெட்டு லிட்டர் கறக்கறதுன்னா அவசரம். மருமகன்னா ஆற அமரப் பாக்கறதுங்களா?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரிப்பை அடக்கினார்கள். அனுப்பிரியா கையை நீட்டினாள். "அத்தை… பேனா."

"ஊட்டுப் பெரியவன் நானிருக்கறப்ப…" என்று ஆரம்பித்தார் செங்கோட்டையன்.

"நோயாளி ஒப்பு வெச்சாப் போதும்" என்றாள் ஜிஸ்மி. அனுப்பிரியா சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். ஊசி ஏறியது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

வெளியே பெஞ்சில் பிரசிடெண்ட் தனியே உட்கார்ந்தார். மோகனசுந்தரம் இரண்டு முறை கூப்பிட்டான், எடுக்கவில்லை. ஒரு மாடு தவிட்டுத் தண்ணியைப் பாதியில் விட்டால் அன்றைக்கே கண்டுபிடித்துவிடுகிறவர் அவர். மருமகளோ செவ்வாய்க்கிழமையிலிருந்தே பேச்சைப் பாதியில் விட்டுக்கொண்டிருந்தாள். அடக்கமான பெண் என்று நான்கு பேரிடம் சொல்லி மகிழ்ந்திருக்கிறார்.

ஜிஸ்மி வந்து திரையில் படத்தைக் காட்டினாள். வலது நுரையீரலுக்குப் போகும் வெள்ளைக் கிளை ஒன்றில் கறுப்பாக ஓர் அடைப்பு. "இதோ கட்டி. நேரத்துக்கு வந்தீங்க. குழந்தையோட துடிப்பு நல்லாருக்கு."

"நாளைக்கு வந்திருந்தா?" என்றார் அவர், மெதுவாக.

டாக்டர் அந்த அடைப்பை இன்னும் பெரிதாக்கிக் காட்டினாள்.

நான்காம் நாள் அனுப்பிரியாவின் மூச்சு சீரானது. பிரசவம் வரையிலும், அதன்பின் ஆறு வாரமும் தினம் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். யாராவது கற்றுக்கொள்ளுங்கள் என்றாள் நர்ஸ் ஜோமோள். கோபிநாத் ஒரு அடி பின்வாங்கினான். செங்கோட்டையன் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"ஆயிரம் மாட்டுக்கு ஊசி போட்ட கைங்க இது. குடுங்க."

ஜோமோள் தந்த ஊசி அவர் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. மருமகள் தன் வயிற்றோரத்தைக் கிள்ளிப் பிடித்துக் காட்டினாள். உள்ளே பிள்ளை ஒரு உதை விட்டது. ஆயிரம் மாடு கண்ட கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

"மாமா, இங்க குடுங்க" என்று வாங்கி, அனுப்பிரியா தானே குத்திக்கொண்டாள். பத்து வரை எண்ணி, ஊசியை எடுத்தாள்.

"முடிஞ்சுதுங்க மாமா. கண்ணைத் தொறங்க."