தலைவி இருளம்மாள் அவர்களுக்கு

எனக்கு இருளம்மாளைக் கண்டாலே ஆகாது. ஒளிச்சு மறைச்சு என்ன ஆகப்போகுது, பொறாமைதான். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சிலமலையில ஜீப்பு ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலக்கா எடுக்கப் போனோம். அவ கையைவிட என் கை வெரசு. ஆனா முதலாளி அவளைத்தான் கங்காணி ஆக்கினாரு. ஜீப்பு நெறைய பொம்பளைக, அவ நில்லுன்னா நிக்கிறாளுக, ஏறுன்னா ஏறுறாளுக. அவ கீழ நான் நிக்கவா? அன்னைக்கே தோட்டத்துச் சோலிக்கு ஒரு கும்பிடு போட்டுட்டேன்.

அப்புறந்தான் இந்தச் சங்கிலி வியாபாரத்துல சேந்தேன். சத்துமாவு, மூட்டுவலி எண்ணெய், சோப்பு. நாமளும் விக்கணும், நமக்குக் கீழ ஆளும் சேக்கணும். நெறைய ஆள் சேத்தா மேடையில பொன்னாடை போட்டு ‘தலைவி’ன்னு கூப்பிடுவாக. எனக்கு அந்த ஒரு சொல்லுதான் வேணும். ஆனா நான் சேத்தவளுக எல்லாம் ஒரு டப்பா வாங்கிட்டு, மறுமாசம் என்னைக் கண்டா வேற சந்துல பூந்து போயிர்றாளுக.

என்னைச் சேத்துவிட்ட கன்னையன் சாரு போடியில ஆபீசு வச்சிருக்காரு. ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னாரு: “புது ஆளைப் பிடிச்சுப் பழக்குறதெல்லாம் ஆகாதும்மா. ஏற்கனவே ஆளுகளைக் கட்டி மேய்க்கிறவங்களாப் பிடிங்க. போன்ல அனுப்புனா எவனும் பாக்க மாட்டான், தபால்ல போடுங்க. தன் பேரு எழுதுன கவரை யாரும் பிரிக்காம விடமாட்டாங்க. ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு அப்பிடி ஒரு ஆளாவது வரணும். இல்லாட்டி உங்க எடத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துருவேன்.”

உக்காந்து எழுதுனேன். மகளிர் குழு நடத்துற அனுசியாவுக்கு, இன்சூரன்சு பிடிக்கிற பால்ராஜு அண்ணனுக்கு, சீட்டுப் பிடிக்கிற சுஜிதாவுக்கு. இருளம்மாளுக்கு மட்டும் எழுதல. செத்தாலும் எழுதக்கூடாதுன்னு இருந்தேன்.

கவரு போய்ச் சேந்ததும் அனுசியா போன் போட்டா. ஆசையா எடுத்தேன். “ஏன் மகாராணி, இருளம்மாக்கா சேந்துட்டாகளா?” பால்ராஜு அண்ணனும் அதேதான்: “அந்தம்மா வந்தாச் சொல்லுத்தா, நானும் வர்றேன்.” சுஜிதாவும் அதையே கேட்டா. அடி ஆத்தி, எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுச்சு. என் கையெழுத்து, நான் ஒட்டுன ஸ்டாம்பு, கேக்கிறது மட்டும் அவளை!

வேற வழி? பல்லைக் கடிச்சுக்கிட்டு எழுதுனேன். ‘ஆளை நடத்தத் தெரிஞ்ச அனுபவமுள்ள தலைவி இருளம்மாள் அவர்களுக்கு.’ தலைவின்னு எழுதையில அழுத்துன அழுத்துல பேப்பரே கிழிஞ்சிருச்சு. வேற பேப்பர் எடுத்து, மறுபடியும் அதே சொல்லை எழுதவேண்டியதாப் போச்சு.

ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு இருளம்மா வந்தா. ஜீப்புப் பொம்பளைக அத்தனை பேரும் அவ பின்னால வந்தாளுக. அவ வர்றாள்னு தெரிஞ்சு மத்த மூணு பேரும் வந்துட்டாக. கன்னையன் சாரு காரு, வெளிநாட்டு டூருன்னு என்னென்னமோ பேசினாரு. ஒருத்திகூட அசையல. கடைசியில இருளம்மா எந்திரிச்சா.

“எனக்கு இது தோதுப்படாது சார். ஜீப்புச் சோலிக்கே நேரம் பத்தல. ஆனா மகாராணி நம்ம பிள்ளை, கெட்டிக்காரி. விருப்பப்பட்டவுக அவகிட்டச் சேருங்கத்தா.”

அம்புட்டுத்தான் சொன்னா. வரிசை கட்டி நின்னு என் பேருக்குக் கீழ சேந்தாளுக. அனுசியா, சுஜிதா, பால்ராஜு அண்ணன் எல்லாரும் சேந்தாச்சு. கன்னையன் சாருக்கு வாயெல்லாம் பல்லு. என்னை மேடைக்குக் கூப்பிட்டு, பொன்னாடை போட்டு, “நம்ம தலைவி மகாராணி!”ன்னாரு. எத்தனை நாளு கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பாத்த பேச்சு! மைக்கை வாங்கி, “என்னைய நம்பி வந்த உங்க எல்லாருக்கும்...”னு ஆரம்பிச்சேன்.

இருளம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு எந்திரிச்சா. “நேரமாச்சுத்தா, விடிஞ்சா ஜீப்பு.” பக்கத்துல இருக்கிறவகிட்டச் சொல்ற மாதிரி மெதுவாத்தான் சொன்னா. மொத்தக் கூட்டமும் எந்திரிச்சிருச்சு. கன்னையன் சாரு மேடையை விட்டுக் குதிச்சு, “இருளம்மா மேடம், ஒரு காபி சாப்பிட்டுப் போங்க”ன்னு பின்னாலயே ஓடுறாரு.

எனக்குக் கீழ சேந்தவளுக ஒருத்திகூடத் திரும்பிப் பாக்கல. இருளம்மா மட்டும் வாசல்ல நின்னு, வாயெல்லாம் சிரிப்பா, “நீ நல்லாப் பேசுத்தா”ன்னு கையாட்டிட்டுப் போனா.

பாவி மக. அவளுக்கு எம்மேல துளியூண்டு பொறாமையாவது இருந்திருக்கக் கூடாதா?