அழகுத்தாயின் கழுத்தும் ஒரு நெடில் ‘ஈ’யும்

1

இந்தக் கதை எனக்கு உள்ளொளியில் தோன்றவில்லை. ஒரு தள்ளுபடியில் தோன்றியது. பக்கத்து வீட்டு மழைக்குழாய் என் சுவரில் கொட்டுகிறது என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டில் நான் போட்ட வழக்கு, வாதி ஆஜராகவில்லை என்பதால் தள்ளுபடியானது. வாதி நான்தான். ஆஜராகாத அந்த நேரத்தில் கோர்ட் வாசலுக்கு இருபதடி தள்ளி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்றும் தெளிவாகக் கேட்டது.

ஏன் போகவில்லை என்றால், பக்கத்தில் நின்றவர் எங்கள் இலக்கிய வட்டத்தின் தலைவர். அவருக்கு நான் பாற்கடல்வேந்தன். கோர்ட்டுக்கு நான் பால்பாண்டி. [இந்த இடத்தில் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்: “மனிதன் தன் பெயருக்கும் தன் நிழலுக்கும் நடுவே நின்று…” எடுத்துவிட்டேன். வெட்கம். அவ்வளவுதான்.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “அவள் தொண்டையில் ஓர் அந்திச் சூரியன் வீங்கியிருந்தது.” அடித்தேன். அடுத்து: “குரல் என்பது…” குரல் என்பது என்று தொடங்கியவர் யாரும் குரலைப் பற்றி எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அதையும் அடித்தேன். மூன்றாவது தொடக்கம்: அழகுத்தாய்க்கு நாற்பத்தாறு வயது. இது நிற்கும்.

வீடு ராஜபாளையத்தில், வேலை ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டில். அலுவலக உதவியாளர். தோளில் குறுக்கே சிவப்பு டவாலிப் பட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று வழக்குக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒரு பெயருக்கு மூன்று கூப்பாடு. “முதல் கூப்பாடு ஆளுக்கு, ரெண்டாவது வக்கீலுக்கு, மூணாவது டீக்கடைக்கு” என்பார். அந்த மூன்றாவதில் குரல் படியேறி, கடைசி எழுத்து நெடிலாகிப் பெயர் காற்றில் நிற்கும். மாரிசாமீ! பாண்டிசெல்வீ! சமுத்திரம் என்ற பெயரை மட்டும் அவருக்குப் பிடிக்காது. ‘ம்’ என்று வாயை மூடிவிட்டால் சத்தம் எந்த வழியாகப் போகும்?

வழக்கு தள்ளுபடியானதும் அவரிடம் சண்டைக்குப் போனேன்.

“இன்னும் செத்த பலமாக் கூப்பிட்டிருக்கலாம்ல.”

“எம்புட்டுப் பலமா? ரோட்டுல நின்ன மாடு திரும்பிப் பாத்துச்சு. நீங்கதான் டீ கிளாஸுக்குள்ள எதையோ தொலைச்சவுக மாதிரி தேடிக்கிட்டு நின்னீங்க, அண்ணாச்சி.”

பார்த்திருக்கிறார். நான் பேச்சை மாற்ற வழி தேடினேன். அவரே கொடுத்தார். கழுத்தில் கைவைத்துக் காட்டினார். எலுமிச்சை அளவில் ஒரு கட்டி. எச்சில் விழுங்கியபோது மேலே ஏறி இறங்கியது.

“தைராய்டாம். அடுத்த மாசம் எடுக்கணும்னு சொல்லுதாவ. சத்தத்துக்குப் போற நரம்பு அதுக்குப் பின்னாலேயே ஓடுதாம். பொறவு இப்படிக் கூப்பிட முடியுமோ என்னமோ.”

“பேச்சு போயிருமா?”

“பேச்சு கெடக்கட்டும் அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரவுக இருபத்தஞ்சு வருசமாப் பேண்டேஜ் தறியில நிக்காவ. காது அம்புட்டும் தறிக்குக் குடுத்தாச்சு. இன்னைக்கு அவியளுக்குக் கேக்குத ஒரே சத்தம் என் சத்தம்தான். அதும் மேல ஏத்திக் கூப்பிட்டாத்தான்.”

கதை கிடைத்துவிட்டது என்று எனக்குள் ஒருவன் கைதட்டினான். அவன் பெயர் பாற்கடல்வேந்தன்.

3

கதையை நிறுத்திவைத்து உடலைப் படித்தேன். நீங்களும் செத்த நேரம் படியுங்கள்.

கழுத்தின் இரு பக்கமும் ஓர் உறை இருக்கிறது. தலைக்கு ரத்தம் ஏற்றும் தமனி, தலையிலிருந்து ரத்தம் இறக்கும் சிரை, மூளையிலிருந்து வரும் பெரிய நரம்பு ஒன்று: மூன்றும் அந்த ஒரே உறைக்குள், டவுன் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்று பேர் போல. குரல்வளைக்கு வேண்டிய கிளை அந்தப் பெரிய நரம்பிலிருந்துதான் பிரிகிறது. பிரிகிற இடம்தான் கூத்து. மதுரையில் பஸ் ஏறிய ஒருவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்காமல் தூங்கி, ராஜபாளையம் போய் விழித்து, எதிர்ப் பஸ் பிடித்துத் திரும்பி வருகிற மாதிரி, அந்த நரம்பு குரல்வளையைத் தாண்டி நெஞ்சுக்குள் போய், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு, மூச்சுக்குழாயின் ஓரமாக மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது.*

* இது இடப்பக்கத்து நரம்பு. வலப்பக்கத்து நரம்பு, கைக்குப் போகும் தமனியைச் சுற்றிச் சீக்கிரமே திரும்பிவிடும். பாதி வழியில் விழித்துக்கொண்டவன்.

தைராய்டின் முதுகை ஒட்டித்தான் இந்த ஏற்றம். மீள்குரல்வளை நரம்பு என்று நூலில் போட்டிருந்தது. அந்தச் சொல்லை நாலு பேரிடம் சொன்னேன். நாலு பேரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள்.

4

ஐந்தாவது ஆள் தலைவர். கதையைக் கேட்டுக் கண்ணை மூடினார்.

“குரலை எடுத்துருங்க வேந்தன். ஊரையே கூப்பிடுகிறவள் ஊமையாகிறாள். என்ன ஒரு குறியீடு! நம் காலத்தின் மௌனம்!”

(கழுத்தில் நாவடி எலும்பு என்று ஒன்று உண்டு. வேறெந்த எலும்போடும் மூட்டு சேராமல், தசையிலும் நாரிலும் தொங்கிக்கொண்டிருக்கும். தலைவரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அந்த எலும்புக்காவது விழுங்குவதில் ஒரு பங்கு இருக்கிறது.)

எழுதினேன்: “கத்தி ஒரு நூலிழை விலகியது. நரம்பு அறுந்தது. ‘தள்ளுபடி’ என்றது மௌனம்.” எழுதிவிட்டு எனக்கே கண்ணில் நீர். அந்த நீரோடு போய், ராஜபாளையம் பஸ்ஸுக்கு நின்ற அழகுத்தாயிடம் வாசித்துக் காட்டினேன்.

“அறுந்துச்சா? யாரு அறுத்தா?”

“யாரும் இல்லம்மா. இது கதை.”

“என் கழுத்து என்ன உங்க பக்கத்து வீட்டு மழைக்குழாயா, உங்க இஷ்டத்துக்குத் திருப்பிவிட?”

“பேரை மாத்தித்தான் போடுவேன்.”

“பேரை மாத்துததுதான் உங்களுக்குத் தொழிலாச்சே.” பஸ் வந்தது. படியில் ஏறிக்கொண்டே சொன்னார்: “கழுத்து அறுக்கணும்னா உங்க கழுத்தை அறுங்க அண்ணாச்சி. எழுதுதவுக கழுத்துக்கு என்ன, நரம்பா இல்ல?”

அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. [கிழித்தேன் என்று எழுதினால் என்மேல் உங்களுக்கு மதிப்பு வரும். மடித்துப் பைக்குள் வைத்தேன். இன்னும் இருக்கிறது.]

5

ராஜபாளையத்தில் ஒரு மருத்துவமனை. அறுவை செய்யப்போகிறவர் டாக்டர் ஹெப்சிபா. “ஒழுங்காக் கேட்டு எழுதுங்க” என்று அழகுத்தாயே என்னையும் கூட்டிப்போனார். கணவர் கருத்தையா சட்டை மடிப்பில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார். நான் தொண்டையைச் செருமினேன்.

“மீள்குரல்வளை நரம்புதானே டாக்டர் நம் கவலை?”

“அது ஒரு கவலை” என்றார் டாக்டர். படத்தில் கட்டியின் மேல்முனையைப் பேனாவால் தொட்டார். “இவங்க வேலைக்கு இன்னொண்ணு இருக்கு. இங்க மேலருந்து ஒரு ரத்தக்குழாய் இறங்குது பாருங்க. அதை ஒட்டியே நூல் கணக்கா ஒரு நரம்பு வருது. ரத்தக்குழாயைக் கட்டும்போது சேர்த்துக் கட்டிட்டா பேச்சு இருக்கும், குரலோட உச்சி இருக்காது. வீட்டுக்குள்ள பேசிட்டு இருக்கிறவங்களுக்கு அது போனதுகூடத் தெரியாது. பாடுறவங்களுக்குத் தெரியும். இவங்களுக்குத் தெரியும். அது உங்க கதையில இருக்கா?”

இல்லை. பதினோரு பக்கம் எழுதியிருந்தேன். பதினோரு பக்கமும் ஒரே நரம்பு.

“ஒத்த நரம்பைப் படிச்சுட்டு என் கழுத்தை அறுத்துட்டாவ டாக்டர்” என்றார் அழகுத்தாய்.

“என்னட்டி சொல்லுதாவ?” என்று அறை அதிரக் கேட்டார் கருத்தையா.

அழகுத்தாய் அவர் பக்கம் திரும்பிக் குரலை ஏற்றினார். “உச்சி நரம்பாம்! உங்களைக் கூப்பிடுத நரம்பு!”

கருத்தையா புரிந்துகொண்டு டாக்டரைப் பார்த்தார். “அது நிக்குமாம்மா?”

“பாத்துப் பாத்துப் பிரிச்சு வைப்பேன். வாக்குக் குடுக்க மாட்டேன்.”

வாக்கியத்தை அங்கேயே முடித்துக்கொண்டார். எங்கள் வட்டத்தில் யாராக இருந்தாலும் அதற்கப்புறம் அரைமணி நேரம் பேசியிருப்பார்கள்.

6

அறுவை நடந்த காலையில் வராந்தா பெஞ்சில் கருத்தையாவும் நானும். நான் முடிவுகளை எழுதிக்கொண்டிருந்தேன்.

முடிவு அ: நரம்பு போகிறது. (தலைவர் முன்னுரை தருவார்.)

முடிவு ஆ: ஆண்டாள் கோயில் மணி ஒலிக்க, அழகுத்தாய் கண்விழித்து… (மணிக்கும் நரம்புக்கும் என்ன தொடர்பு? அடித்தேன்.)

முடிவு இ: அவர் குரலை இழக்கிறார், ஆனால் எழுத்தாளனின் பேனாவில் அந்தக் குரல்… (இதை எழுதிய கையை நானே அடித்தேன்.)

தள்ளுவண்டியில் பேண்டேஜ் துணிக் கட்டு ஒன்று உள்ளே போனது. கருத்தையா எழுந்து அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். “நம்ம தறித் துணி” என்றார். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அப்படித்தான் சொல்வாராம். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

இரண்டு நரம்பையும் கண்ணால் பார்த்து ஒதுக்கிவைத்ததாகச் சொல்லிவிட்டுப் போனார் டாக்டர். ஆனால் அன்று சாயங்காலம் அழகுத்தாய் வாயைத் திறந்தபோது வெறும் காற்றுத்தான் வந்தது. மூச்சுக்காகத் தொண்டைக்குள் விட்ட குழாயின் உராய்வு, சில நாளில் சரியாகும், ஒதுக்கிவைத்த நரம்பும் கொஞ்ச நாள் சுணங்கும் என்றார்கள். கருத்தையா அவர் உதட்டையே பார்த்தார்.

“சத்தமாச் சொல்லுட்டி” என்றார். “கேக்கல.”

அழகுத்தாய் மறுபடி சொன்னார். கேட்கவில்லை.

என் பைக்குள் அந்தக் கிழிக்காத பக்கம் இருந்தது. அதை நான் எழுதியதால்தான் இப்படி ஆனதோ என்று பயந்தேன். எழுத்தாளர்களுக்குத் தங்கள் எழுத்தின் வல்லமைமேல் உள்ள நம்பிக்கைக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆறு வாரம் போனது. பேச்சு திரும்பியது; உச்சி திரும்பவில்லை. வாசலில் வேறொருவர் கூப்பிட்டார். அழகுத்தாய் ரெக்கார்டு ரூமில் வழக்குக் கட்டுகளைப் பிரித்தார். வீட்டில் கருத்தையாவைக் கூப்பிட, பக்கத்தில் போய்த் தோளைத் தட்டினார்.

ஏழாவது வாரம், சோதனை. மூக்கு வழியாகச் சின்னக் கேமராவை விட்டு டாக்டர் குரல் நாண்களைத் திரையில் பார்த்தார். கதவு பாதி திறந்திருந்தது. நானும் கருத்தையாவும் வெளியே, அதே பெஞ்சில்.

“‘ஈ’ன்னு சொல்லுங்க.”

“ஈ.”

“நாண் ரெண்டும் நல்லாச் சேருது. இன்னும் மேல ஏத்துங்க.”

“ஈ.” ஏறவில்லை.

“பயப்படுறீங்க. ஏத்துங்க.”

“வெறும் ‘ஈ’ வராது டாக்டர். பதினெட்டு வருசமாப் பேரோடதான் வந்திருக்கு.”

“அப்ப ‘ஈ’ல முடியுற பேரா யாரையாவது கூப்பிடுங்க.”

யோசிக்கிறார் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறார் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

“பால்பாண்டி.”

“இன்னும்.”

“பால்பாண்டீ.”

“இன்னும்!”

மூன்றாவது தடவை அது படியேறியது. முதல் படி, இரண்டாம் படி, அப்புறம் படியே இல்லாத இடத்துக்கு ஒரே எட்டு. மருந்துக்கடை வரிசை திரும்பியது. நர்ஸ் ஒருவர் ஓடிவந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கருத்தையா, தறிக்குக் காதைக் கொடுத்த அந்த மனிதர், தலையை நிமிர்த்தினார்.

“கூப்பிடுதா” என்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு என் விலாவில் முழங்கையால் இடித்தார். “அண்ணாச்சி, உங்களைத்தான். போங்க!”

“இருக்கேன்” என்றேன் மெதுவாக.

“கேக்கல!” என்றது உள்ளேயிருந்து.

“ஆஜர்!” என்று கத்தினேன். ஐம்பத்து மூன்று வருடத்தில் என் பெயருக்கு நான் சொன்ன முதல் முழுப் பதில்.

7

முடிவுக்கு வருகிறேன். வந்துகொண்டே நழுவுகிறேன்.

என் வழக்கை மறுபடி எடுத்துக்கொள்ளக் கேட்ட மனு போன வாரம் விசாரணைக்கு வந்தது. அழகுத்தாய் வாசலில், சிவப்பு டவாலியோடு. கழுத்தில் மெல்லிய கோடு, சங்கிலி மறைக்காத இடத்தில். டீக்கடையில் தலைவர். ஒருநாள் லீவு போட்டுக் கருத்தையாவும் வந்திருந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார், எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பார்க்க.

முதல் கூப்பாடு: “பால்பாண்டி!”

டீயை வைத்துவிட்டு நடந்தேன். “யாருய்யா அது பால்பாண்டி?” என்றார் தலைவர். “நான்தான்” என்றேன். அவர் டீ கிளாஸுக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்.

அழகுத்தாயின் முன்னால் போய் நின்றேன். இரண்டடி தூரம். “ஆஜர்” என்றேன். அவர் என்னைத் தாண்டி ரோட்டைப் பார்த்தார்.

இரண்டாவது: “பால்பாண்டீ!”

“வந்துட்டேன்மா. முன்னாலதான் நிக்கேன்.”

“தெரியுது அண்ணாச்சி. செத்த விலகி நில்லுங்க. மூணு கூப்பிட்டாத்தான் கணக்கு.” மூச்சை இழுத்தார்.

அந்த மூன்றாவதை நான் எழுதப்போவதில்லை. எத்தனை ‘ஈ’ போட்டாலும் காகிதம் சத்தம் போடாது. ஆகவே அது உங்களுடையது. இரண்டு விரலைத் தொண்டை மேட்டில் வையுங்கள். ஓரத்தில் துடிப்பது தலைக்கு ரத்தம் ஏற்றும் தமனி. உள்ளே, நெஞ்சுவரை போய்த் திரும்பி வந்த ஒரு நரம்பும், மேலிருந்து நூலாக இறங்கிய ஒரு நரம்பும் காத்திருக்கின்றன. பக்கத்தில் ஆள் இருந்தால் இருக்கட்டும். வெட்கப்பட்டால் என்ன ஆகும் என்று நான் அனுபவித்துச் சொல்லிவிட்டேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கருத்தையா காதருகே கையைக் குவித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குக் கேட்கிற மாதிரி கூப்பிடுங்கள்.

நான் விலகி நின்றுவிட்டேன்.