இரண்டாவது ரேங்க்

பத்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் ஒரு முறை வைத்திருந்தார். மாதத் தேர்வு விடைத்தாள் கொடுத்ததும் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் நிற்க வேண்டும். முதல் மதிப்பெண் எடுத்தவர் முதலில் போய்ப் பிடித்த இடத்தில் உட்காரலாம். பிறகு அடுத்தவர். மிஞ்சியவர்களுக்குக் குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் இடம். கருவி இல்லாமலே பலகையில் வட்டம் போடுவார் என்பதால் அவருக்குக் காம்பஸ் என்று பெயர்.

தையல்காரியின் மகள் அதுவரை நடுவில் எங்கேயோ இருந்தாள். லிஃப்ட் பழுது பார்க்கும் அவளுடைய அப்பா அந்த வருடம் வேலையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். பள்ளிக்கு எதிரே, குறுகலான தெருவுக்கு அந்தப் பக்கம், மூன்றாவது மாடியில் பிசியோதெரபி நிலையம். வகுப்பும் மூன்றாவது மாடிதான். கணக்குப் பாடம் நடக்கும் நேரத்தில் அப்பா அங்கே இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்கப் பழகினார்.

"ஒருத்தரும் அங்க வந்து நிக்கக்கூடாது," என்று வீட்டில் சொல்லியிருந்தார். "நான் தத்தக்கா பித்தக்கான்னு நடக்குறது என்ன சர்க்கஸா?"

அந்தக் கம்பிகள் கடைசி ஜன்னலோர இருக்கையிலிருந்து மட்டும் தெரியும். ஆனால் அது கால்குலேட்டரின் இடம். கால்குலேட்டர் அவளுடைய தோழி. எப்போதும் முதல் ரேங்க். நல்ல காற்று வருகிறது என்று அங்கேயே போய் உட்காருவாள்.

தையல்காரியின் மகள் படிக்க ஆரம்பித்தாள். தையல் இயந்திரத்தின் சத்தத்துக்கு நடுவே படித்தாள், பேருந்தில் நின்றபடி படித்தாள். இரண்டு தேர்வுகளில் மேலே ஏறி, மூன்றாவதில் கால்குலேட்டரைத் தாண்டினாள். ஜன்னல் கிடைத்தது.

அப்பா வியர்த்திருந்தார். கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். ஒரு நாள் தலையை நிமிர்த்தியவர் தெருவைத் தாண்டி அவளைப் பார்த்துவிட்டார். அன்று வீட்டில் திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். விழவில்லை. மறுநாளிலிருந்து, கலைந்து கிடந்த தலைமுடியைச் சீவிக்கொண்டு வந்தார். கூடுதலாக ஒரு சுற்று நடந்தார்.

அடுத்த தேர்விலும் அவளே முதல். காம்பஸுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஊக்கம்னா இதுதான்! இனிமே முதல் ரேங்க் என் கண் முன்னாடி, முதல் பெஞ்சுல. எல்லாரும் பாத்துக் கத்துக்கணும்."

வகுப்பு கைதட்டியது. காலியான ஜன்னலில் கால்குலேட்டர் போய் உட்கார்ந்தாள்.

ஒரு வாரம் கழித்து அம்மா சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே சொன்னாள்: "உங்கப்பாவுக்கு என்ன வந்துச்சோ. நல்லா நடந்துட்டிருந்த மனுஷன், இப்ப ரெண்டு எட்டு வச்சதும் உக்காந்துடுறாராம்."

அவள் காம்பஸிடம் இடம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாள். "முதல் ரேங்க் முதல் பெஞ்ச். அதான் சட்டம்," என்றார். காரணம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, அப்பாவுக்குப் பிடிக்காது.

ஜன்னலை யாரும் பிடிப்பதற்கு முன் பிடிக்க, இனி இரண்டாவதாக வர வேண்டும். முதலாவதாக வருவதைவிட அது சிரமம்.

"ஏய், வடிவியல் எல்லாம் முடிச்சிட்டியா?" என்று கால்குலேட்டரிடம் கேட்டாள்.

"வேவு பாக்குறியா?"

"இல்லடி. நீதான் இந்தத் தடவ ஃபர்ஸ்ட் வரணும்."

"உனக்குக் காய்ச்சலா?" கால்குலேட்டர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பதினொன்றில் அறிவியல் பிரிவு கொடுக்க, அந்தப் பள்ளியில் அடுத்த தேர்வின் மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள். அம்மா அதற்காக ஏங்கிக்கொண்டிருந்தாள். தேர்வில் வந்த கடைசிக் கணக்கு மகளுக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு. பேனாவை மூடி வைத்தாள். திறந்து இரண்டு வரி எழுதினாள். பிறகு அடித்துவிட்டாள்.

இரண்டாவது ரேங்க்.

"காத்தே வராத பெஞ்சு. எல்லாம் உன்னால," என்று முணுமுணுத்துக்கொண்டே கால்குலேட்டர் முன்னால் போனாள்.

"தலைக்கனம் வந்துடுச்சும்மா உனக்கு," என்றார் காம்பஸ். "ஊக்கம் போயிடுச்சு."

"ஆமா சார்," என்று சொல்லிவிட்டு அவள் பின்னால் நடந்தாள்.

எதிரே அப்பா கம்பிகளுக்கு நடுவே வந்து நின்றார். முதலில் ஜன்னலைப் பார்த்தார். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வலது கையைக் கம்பியிலிருந்து எடுத்தார். ஒரு எட்டு வைத்த பிறகு இடது கையையும்.

காம்பஸ் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, பலகையில் இருந்த கணக்கைப் படித்து விடை கேட்டார். ஜன்னலை விட்டுத் திரும்பாமல் சரியாகச் சொன்னாள்.