தூக்கிப் பிடித்த ஷூ

1
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. நான் பயிற்சி உதவி ஆசிரியராக இருக்கும் நாளிதழ், மூன்றாம் பக்கப் படத்துக்குக் கீழே அச்சடித்த பொய்: 'வெறி இசைக் கூத்தில் ஷூவால் தாக்கும் இளைஞர்.'

அது என் ஷூ.

2
(முதல் தொடக்கம்: 'பழைய கிடங்குக்குள் டிரம்ஸ் இடியாய் முழங்க…' இடியும் வேண்டாம், மின்னலும் வேண்டாம். அடித்துவிட்டேன்.)

ஹார்ட்கோர் என்றால் ஒன்றரை நிமிடப் பாட்டு, தொண்டை கிழியும் கத்தல், நடுவே முட்டி மோதி ஆடும் வட்டம். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். இருபத்து மூன்று வருட அடக்க ஒடுக்கத்தையும் அந்த ஞாயிறு மதியம் கிடங்குக் கச்சேரியில் கத்தித் தீர்த்தேன். விழுந்தேன். ஆறேழு கைகள் தூக்கிவிட்டன. ஒரு ஷூவைக் காணோம்.

அங்கே ஒரு வழக்கம். கீழே கிடப்பதை எடுத்தவர், சொந்தக்காரர் வரும்வரை தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். சாவி, கண்ணாடி, ஒருமுறை பல்செட். (பல்செட் என் கற்பனை. கதைக்காரிக்கு அந்த உரிமை உண்டு, நாளிதழுக்குக் கிடையாது.)

என்னுடையதைத் தூக்கிப் பிடித்தவர் பள்ளி வேன் ஓட்டும் அண்ணன். "எந்த மகாராணியோடது? கை நாறுது, சீக்கிரம் வாங்க."

3
படம் வந்ததும் பள்ளி அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. திங்கட்கிழமை விசாரணை.

செய்தி ஆசிரியரிடம் போய், படத்தில் அடி வாங்குவது யார், காட்டுங்கள் என்றேன். படத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள். "ஷூ மேல இருக்குல்ல, போதும்மா." ஷூவுக்கு உரியவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் திருத்தம் போடலாமாம்.

கையெழுத்தென்றால் அப்பாவின் முதலெழுத்தும் சேர்ந்துதான். நான் அங்கே போனதே தெரியாத அப்பா, வேலையிடத்தில் அந்தப் பக்கத்தை விரித்து, "என் பொண்ணு பேப்பர்ல இந்தக் காலிப்பசங்களக் கிழிச்சிருக்காங்க பாருங்க" என்று காட்டியிருக்கிறார்.

வேன் அண்ணனை அழைத்தேன். "உன் பேர இழுக்காதம்மா. வேற வண்டி கிடைக்கும். ஷூ பத்திரமா இருக்குல்ல?"

4
முடிவு அ: கையெழுத்திடுகிறாள். திருத்தம் எட்டாம் பக்க மூலையில், எறும்பு அளவில்.

முடிவு ஆ: வாயை மூடிக்கொள்கிறாள். வேலை நிரந்தரமாகிறது. தினமும் அதே ஷூவோடு படியேறி… (இதை முடிக்க மாட்டேன். எழுதவே அசிங்கமாக இருக்கிறது.)

5
ஆகவே, செய்தி அறையில் மேசை மேல் ஏறி நிற்கிறேன். ஒரு காலில் ஷூ இல்லை. இடது கையில் முதலெழுத்தோடு கையெழுத்திட்ட திருத்தம், வலது கையில் ஷூ, தலைக்கு மேலே. நெஞ்சுக்குள் அந்த டிரம்ஸ். அன்று படம் எடுத்த அதே புகைப்படக்காரர் கேமராவைத் தூக்குகிறார்.

படத்துக்குக் கீழே ஒரு வரி வேண்டும். இந்த முறை நீங்கள் எழுதுங்கள்.

நிதானமாக எழுதுங்கள். கை வலிக்கிறதுதான், இறக்க மாட்டேன்.