அக்குள் பார்க்கும் நாரை

பெர்னார்ட் தீக்குச்சியை உரசினார். மூன்று நடுவர்களும் அறையின் மறுகோடியைப் பார்த்தார்கள்.

அங்கே ஹேங்கரில் ஒரு சாம்பல் நிற ஜெர்சி தொங்கியது. அதன் இடது மார்பில் குத்தியிருந்த சின்னத்தில் ஒரு சிங்கம், ஒரு கோட்டை, இரண்டு சாவிகள், ஒரு நங்கூரம், அடியில் லத்தீனில் ஏதோ ஒரு வாசகம். தீ விரலைத் தொட்டதும் பெர்னார்ட் கையை உதறினார்.

"திரும்புங்க!"

மூவரும் சுவர்ப் பக்கம் திரும்பி, ஆளுக்கொரு கரும்பலகையில் சாக்பீஸால் வரையத் தொடங்கினார்கள்.

ஹாஸ்டன் தொழிலாளர் கிளப்பின் ஸ்னூக்கர் அறையில் ஒவ்வொரு நவம்பரும் ஒரு சனிக்கிழமை இது நடக்கும். இல்லாத கால்பந்து கிளப்புகளின் சின்னங்களுக்குத் தீர்ப்பு சொல்லும் நாள். இந்தக் கிளப்புகளுக்கு மைதானம் கிடையாது, ஆட்டக்காரர்கள் கிடையாது, ஒரு பந்துகூடக் கிடையாது. பெயர், நிறம், சின்னம், சுவரில் ஓர் ஆணியில் தொங்கும் மஃப்ளர், இவ்வளவுதான். சண்டை மட்டும் நிஜம்.

தீக்குச்சி சோதனைக்குக் காரணம் உண்டு. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் பாடத்தைக் கவனிக்காமல், ஞாபகத்திலிருந்து மேசையில் கீற முடியாத சின்னம் சின்னமே இல்லை என்பது இவர்கள் கட்சி. ஆகவே ஒரு குச்சி எரியும் நேரம் பார்க்க வேண்டும், திரும்ப வேண்டும், வரைய வேண்டும். மூன்று பலகையில் இரண்டில் சரியாக வந்தால் கிளப் பிழைத்தது.

"இம்தி, அது என்னடா, சிங்கமா? மழையில நனைஞ்ச பூனை மாதிரி இருக்கு" என்றாள் பாலீன். மார்க்கெட்டில் 'பை' என்னும் இறைச்சி அடைத்த பலகாரம் விற்கும் கடை வைத்திருப்பவள். மூன்று நடுவர்களில் ஒருத்தி.

"நான் பாத்தது அப்படித்தான் இருந்துச்சு" என்றான் இம்தியாஸ். டாக்ஸி ஓட்டுபவன், இரண்டாவது நடுவர். "உன் பலகையில சிங்கமே காணோமே? பசியில தின்னுட்டியா?"

சிங்கத்தின் சொந்தக்காரர், குழாய் வேலை செய்பவர், நாற்காலியிலிருந்து எழுந்தார். "பாரம்பரியம் இருக்கணும்ல? அதான் 1874ல தொடங்குனதுன்னு கீழ லத்தீன்ல போட்டிருக்கேன்."

"போன செவ்வாக்கிழமதானய்யா எங்கிட்ட வந்து கிளப்புக்கு ஒரு பேரு சொல்லுன்னு கேட்ட!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அறை சிரித்தது.

மூன்றாவது நடுவர் நெவில் சிரிக்கவில்லை. அவர் பலகையில் ஒரு கோட்டையும் அரைச் சாவியும் இருந்தன.

"விழுந்துடுச்சு" என்றார்.

அவ்வளவுதான். போன வருஷம் வரை நெவில் ஆக்டன் ஒரு சின்னத்தை வீழ்த்தினால் அதற்கு ஒரு பிரசங்கம் இருக்கும். சிங்கம் எந்தக் காலைத் தூக்க வேண்டும், மஞ்சளையும் வெள்ளையையும் ஏன் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது, லத்தீன் தெரியாத ஊரில் லத்தீன் எதற்கு என்று பொரிந்து தள்ளுவார். பஸ் டிப்போவிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு அது ஒன்றுதான் மேடை. இந்த வருஷம் ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. ஏப்ரலில் அவர் மனைவி க்ளெண்டா இறந்ததிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

அழுகை வரவில்லை. வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் ஒரு பார்சலுக்குக் காத்திருப்பது போலக் காத்திருந்து, பிறகு காத்திருப்பதையும் மறந்துவிட்டார்.

இடைவேளையில் பாலீன் அவர் முன்னால் ஒரு இறைச்சி பையும் மசித்த பட்டாணியும் வைத்தாள். "வினிகர் ஊத்திக்கோ நெவ். பச்சத்தண்ணி மாதிரி முழுங்காத."

நெவில் தலையாட்டினார். தட்டு காலியானபோது வினிகர் ஊற்றினோமா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை.

எதிர்ச் சுவரில் மஃப்ளர்கள் வரிசையாகத் தொங்கின. ஜன்னலோரம் இருந்த மஞ்சளும் கறுப்பும் லம்ப்ரூக் ரோவர்ஸுடையது. க்ளெண்டாவின் கிளப். மில் புகைபோக்கியின் மேல் ஒற்றைக் காலில் நிற்கும் நாரைதான் அதன் சின்னம்.

முதல் வருஷம் அவள் படத்தைத் துணியின் பின்பக்கத்தில் வரைந்துவிட்டு முன்பக்கம் தைத்துவிட்டாள். நாரை திரும்பிக்கொண்டது. சின்னத்திலுள்ள பறவையோ மிருகமோ மார்பின் நடுவைப் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். க்ளெண்டாவின் நாரை ஜெர்சி போட்டவரின் அக்குளைப் பார்த்தது. "மோப்பம் பிடிக்கிற நாரை" என்று ஊரே கேலி செய்தது. நெவில் ஒவ்வொரு வருஷமும் திருத்தச் சொல்லிக் கெஞ்சினார்.

"அது கார்னர் கொடியப் பாக்குதுய்யா. நீ உன் வேலையப் பாரு" என்பாள் அவள். ஒவ்வொரு வருஷமும் அப்படியே கொண்டுவந்து நிறுத்துவாள். தப்பாக இருந்ததாலேயே அது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. ஒரு வருஷம்கூடத் தோற்றதில்லை.

இந்த இடத்தில் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். கிளப்பைத் தொடங்கியவர் இறந்தால், பழைய சின்னம் அவரோடு போய்விடும். வாரிசு யாராவது தன் கையால் ஒரு புதுச் சின்னம் செய்து அந்த வருஷமே கொண்டுவந்து, அது சாக்பீஸில் தேறினால்தான் கிளப் பிழைக்கும். இல்லையென்றால் மஃப்ளரை ஆணியிலிருந்து எடுத்துவிடுவார்கள். அப்புறம் அந்தப் பெயரில் யாரும் எதுவும் தொடங்க முடியாது.

போன மாதம் பெர்னார்ட் நெவிலின் வீட்டுக்கே வந்திருந்தார். "நடுவரா இருந்தா நீ சின்னம் வெக்க முடியாது நெவ். இந்த ஒரு வருஷம் விலகிக்கோ. க்ளெண்டாவுக்காக ஏதாவது வரைஞ்சு கொண்டா."

நெவில் காகிதம் எடுத்து மேசையில் வைத்தார். அது அங்கேயே இருந்தது. அதன் மேல் தேநீர்க் கோப்பை வைத்தார், பிறகு செய்தித்தாள் வைத்தார். ஒரு வாரம் கழித்து பெர்னார்டுக்குப் போன் செய்து, "நான் நடுவராவே இருந்துக்கறேன்" என்றார்.

அதனால் இன்று அந்த மஃப்ளர் இறங்கும். அதை நினைத்தபோதும் எதுவும் அசையவில்லை. ஆணியில் ஒரு மஃப்ளர் இருந்தது, நாளை இருக்காது.

அறையின் மூலையில் அவர் மகள் ஹேலி கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். லீட்ஸில் கம்பெனிகளுக்குச் சின்னம் வடிவமைக்கும் வேலை. பிஸ்கட், வங்கி, நாய் உணவு என்று எல்லாவற்றுக்கும் செய்வாள். இந்த ஸ்னூக்கர் அறைக்கு மட்டும் வந்ததில்லை. இன்று காலை திடீரென்று, "மழையா இருக்கு, நான் கார்ல கூட்டிட்டுப் போறேன்பா" என்று வந்து நின்றாள்.

பை தட்டுகளை எடுத்தாயிற்று. பெர்னார்ட் கடைசிச் சின்னத்தை ஜெர்சியில் குத்திவிட்டு ஒதுங்கினார். தொண்டையைக் கனைத்தார்.

"லம்ப்ரூக் ரோவர்ஸ்."

பேச்சு அடங்கியது. குச்சி உரசும் சத்தம் கேட்டது.

ஒரு மஞ்சள் வட்டம். உள்ளே கறுப்பில் மூன்றே கோடுகள்: வளைந்த கழுத்து, அலகு, ஒரு கால். எழுத்து இல்லை, புகைபோக்கி இல்லை, தையலின் பிசிறு இல்லை. ஹேலியின் வேலை என்று நெவிலுக்குப் புரிந்தது. வழவழவென்று இருந்தது. நாய் உணவு டப்பாவில் போட்டாலும் பொருந்தும் என்று தோன்றியது. அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

"திரும்புங்க."

நெவில் திரும்பினார். கை தானாகப் போயிற்று. இத்தனை நாள் காகிதத்தில் ஒரு கோடு போடாத கை, இப்போது நிற்கவே இல்லை. சாக்பீஸ் பலகையில் கீச்சிட்டது. முடித்துவிட்டுக் கையைத் தொங்கவிட்டார்.

பெர்னார்ட் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். இம்தியாஸின் பலகையில் வட்டம், மூன்று கோடு, அச்சாக இருந்தது. "தேறிடுச்சு" என்றார். பாலீன் கழுத்தையும் அலகையும் போட்டுவிட்டுக் காலை மறந்திருந்தாள்.

"பாலீன், இது வாத்து."

"நாசமாப் போச்சு" என்றாள் பாலீன். "மன்னிச்சுக்கோ கண்ணு" என்று மூலையைப் பார்த்தாள். யாருடைய சின்னம் என்று அதற்குள் எல்லோருக்குமே தெரிந்துவிட்டது.

இனி நெவிலின் பலகைதான். பெர்னார்ட் அதன் முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

பலகையில் வட்டம் இல்லை. ஒரு மில் புகைபோக்கி இருந்தது, செங்கல் கோடுகளோடு. அதன் மேல் ஒற்றைக் காலில் ஒரு நாரை, இறகு இறகாக.

"நெவ்" என்றார் பெர்னார்ட் மெதுவாக. "அங்க இருக்கறது இது இல்லப்பா."

நெவில் பலகையைப் பார்த்தார், ஜெர்சியைப் பார்த்தார். "ஆமா. இது இல்ல."

இம்தியாஸ்தான் முதலில் பேசினான். "பெர்னார்ட், அந்தக் குச்சி பாதியிலயே அணைஞ்சுடுச்சு. நான் பாத்தேன். கதவுப் பக்கம் காத்து. இன்னொரு குச்சி உரசு."

குச்சி அணையவில்லை. அது எல்லோருக்கும் தெரியும். பெர்னார்டின் விரலில் சூட்டுச் சிவப்பு இன்னும் இருந்தது. அந்த விரலை அவர் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"ஆமா, காத்துதான்" என்றாள் பாலீன் அவசரமாக. "நானே குளிர்ல நடுங்கினேன்."

"நானும் பாத்தேன், காத்து அடிச்சுச்சு" என்றார் சிங்கத்தின் சொந்தக்காரர்.

பெர்னார்ட் பெட்டியிலிருந்து இன்னொரு குச்சியை எடுத்தார்.

"வேணாம்" என்றாள் ஹேலி.

எழுந்து வந்தாள். பலகைக்கும் ஜெர்சிக்கும் நடுவில் நின்றாள். "ரெண்டாந்தடவ பாக்க வேண்டியிருந்தா அது சின்னமே இல்ல. நான் வாங்குற சம்பளமே இதச் சொல்றதுக்குத்தான். ரெண்டு பேர் கண்ணுல நிக்கல. விழுந்துடுச்சு."

"ஹேலி, உங்கம்மா கிளப்பும்மா அது" என்றார் பெர்னார்ட்.

"தெரியும். அம்மா இருந்தா உங்க வாயிலயே அந்தக் குச்சியச் சொருகியிருப்பா."

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. ஹேலி அப்பாவின் பலகையை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இது அம்மாவோடதும் இல்லப்பா."

"என்ன?"

"அம்மா நாரை அந்தப் பக்கம் பாக்கும். நீ இந்தப் பக்கம் திருப்பி வெச்சிருக்க."

நெவில் பார்த்தார். புகைபோக்கி சரி. கால் சரி. நாரை மட்டும் விதிப்படி, மார்பின் நடுவைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் இத்தனை வருஷமும் எப்படித் திருத்தச் சொன்னாரோ அப்படியே.

பிறகு அறையின் கோடியில் தொங்கிய ஜெர்சியைப் பார்த்தார். வட்டத்துக்குள் இருந்த மூன்று கோட்டு நாரை அக்குளைப் பார்த்துக்கொண்டிருந்தது. தீக்குச்சி எரியும்போது அதை அவர் கவனிக்கவே இல்லை.

நெஞ்சில் ஏதாவது நடக்கும் என்று ஒரு கணம் நின்றார். எதுவும் நடக்கவில்லை. காது மட்டும் லேசாகச் சூடாகியிருந்தது.

"விழுந்துடுச்சு" என்றார்.

ஒரு கிளப்பை எந்தப் பலகை வீழ்த்துகிறதோ அதை அந்த நடுவரே தன் சட்டைக் கையால் துடைக்க வேண்டும். துணி, டஸ்டர் எதுவும் கூடாது. வீழ்த்தியவன் வீட்டுக்கு வெள்ளைக் கையோடு போகட்டும் என்பதற்காக வைத்த வழக்கம். பாலீன் தன் வாத்தைத் துடைத்தாள். நெவில் கோட்டின் வலது கையை இழுத்துவிட்டுக்கொண்டு, முதலில் செங்கற்களை, பிறகு காலை, கடைசியில் கழுத்தைத் துடைத்தார்.

பெர்னார்ட் நாற்காலி போட்டு ஏறி மஃப்ளரை இறக்கினார். மடித்து ஹேலியின் கையில் கொடுத்தார். "நல்ல கம்பளி இது" என்றார்.

வெளியே மழை விடவில்லை. இருவரும் காரில் ஏறினார்கள். ஹேலி மஃப்ளரைப் பின்சீட்டில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். மார்க்கெட் வந்தது, போயிற்று. பஸ் டிப்போ வந்தது, போயிற்று.

"நீ ஏன் அத அந்தப் பக்கம் பாக்க வெச்ச?" என்றார் நெவில். "உங்க ஆபீஸ்ல எல்லாம் நேராத்தானே வெப்பீங்க?"

"நேராத்தான் வெப்போம்." அவள் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். "மத்ததெல்லாம் மாத்தி மாத்தி வரைஞ்சேன்பா. செங்கல்லு, சிறகு, எதுவும் அம்மா மாதிரி வரல. கடைசியில எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

நெவில் தலையாட்டினார். வைப்பர் போய் வந்தது.

"உங்கம்மா, அது கார்னர் கொடியப் பாக்குதும்பா" என்றார்.

"ம். எங்கிட்ட லைன்ஸ்மேனப் பாக்குதுன்னு சொல்லுவா."

"அப்படியா? எங்கிட்ட சொன்னதில்லையே."

சிக்னலில் வண்டி நின்றது. அப்போதுதான் ஹேலி அவர் கோட்டைப் பார்த்தாள். வலது கை முழங்கை வரை சாக்பீஸ் தூளாக வெளுத்திருந்தது.

"வீட்டுக்குப் போனதும் கழட்டிக் கொடு. மெஷின்ல போட்டுடறேன்."

"வேணாம்" என்றார் நெவில்.

சிக்னல் பச்சையானது. வீடு வந்து சேரும் வரை அந்தக் கையை எதிலும் படாமல், சீட்டிலிருந்து கொஞ்சம் தூக்கியே வைத்திருந்தார்.